கைவினைப் பேஸ் கிட்டார்: அருமையும் உடைமையும்

1. தோற்றுவாய்

மேனாட்டு இசைக் குழுவொன்று பாடக் கேட்போருட் பெரும்பாலார் பாட்டின் சொல்லையும், மேலே ஒலிக்கும் கருவிகளின் இன்னிசையையுமே செவிமடுப்பர். அடியில் ஓடிக்கொண்டிருக்கும் மந்தர ஒலியை அவர் தனித்து உணர்வதில்லை. ஆயினும் அவ்வொலி ஒரு கணம் நின்றுவிடுமாயின், ஏதோ குறைந்துபோயிற்று என்பதை யாவரும் அறிவர். மாளிகையின் கடைக்கால் கண்ணுக்குத் தோன்றாமற் கிடந்து மாளிகை முழுவதையும் தாங்குதல் போல, மந்தர ஒலியும் செவிக்குத் தனித்துத் தோன்றாமல் நின்று பாட்டினைத் தாங்குகின்றது. இப்பணிக்கென்றே இருபதாம் நூற்றாண்டில் எழுந்த கருவி மின்சாரப் பேஸ் கிட்டார் ஆகும்.

இக்கருவி இந்நாளில் பெருந்தொழிற்சாலைகளில் திரள்திரளாகச் செய்யப்பட்டு, மாணவனொருவன் வாங்கத்தக்க விலைக்கும் கிடைக்கின்றது. அங்ஙனமிருந்தும், ஒருவரோ சிலரோ கூடி உழைக்கும் சிறு பட்டறைகளில், வேண்டுவோர் விருப்பமறிந்து ஒவ்வொன்றாகச் செய்யப்படும் கைவினைக் கருவிகளைப் பல ஆயிரம் டாலர் கொடுத்து, மாதக்கணக்காகக் காத்திருந்து பெறுவாரும் உளர். இஃது அறிவுடைமையோ, வீண் ஆடம்பரமோ என்னும் வினா எழுவது இயல்பே. அவ்வினாவுக்கு விடை காண்டலே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன்னர்க் கருவியின் வரலாற்றையும் இயல்பையும் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

2. கருவி பிறந்த வரலாறு

முன்னாளில் மந்தர ஒலியைத் தரும் பணி டபிள் பேஸ் என்னும் பெரிய பிடிலுக்கு உரியதாயிருந்தது. அஃது ஆளுயரத்துக்கும் மேற்பட்டது. நிமிர்த்திப் பிடித்து வாசிக்கப்படுவது. ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்ல அரியது. முரசும் பித்தளைக் குழல்களும் முழங்கும் மேடையில் அதன் ஒலி அடங்கிப்போம். அதற்கு மெட்டுக்கள் இல்லாமையால், சுருதி பிசகாமல் வாசிக்கப் பல்லாண்டுப் பயிற்சியும் வேண்டும்.

இக்குறைகளை நீக்க முயன்றவருள் ஒருவர் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துப் பால் டட்மார்க் என்பவர். 1930-களின் இடையில் அவர் செய்த ஆடியோவாக்ஸ் 736 என்னும் கருவி, கிட்டாரைப் போலக் குறுக்கே பிடித்து வாசிக்கத்தக்கதாயும் மெட்டுக்கள் உடையதாயும் இருந்தது. எனினும் அது பரவவில்லை. 1951-ம் ஆண்டிற் கலிபோர்னியாவின் புல்லர்ட்டன் என்னும் ஊரில் லியோ பெண்டர் என்பவர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ் என்னும் கருவியே உலகெங்கும் பரவிற்று. பிரிசிஷன் என்னும் சொல்லுக்குத் துல்லியம் என்பது பொருள். மெட்டுக்கள் உள்ளமையால் விரலூன்றிய இடத்திற் சுருதி துல்லியமாக அமையும் என்பது அப்பெயரின் கருத்து.

பெண்டர் வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்து வாழ்ந்தவர். கிட்டார் வாசிக்கக் கற்றவரல்லர். அவர் கருவியைத் தொழிற்சாலையில் எளிதிற் செய்யத்தக்க பொருளாகவே எண்ணினார். உடல் ஒரு கெட்டிப் பலகையிலிருந்து அறுத்தெடுக்கப்படும். கழுத்து நான்கு திருகாணிகளால் அதனோடு பொருத்தப்படும். பழுதுற்றால் கழுத்தைக் கழற்றி வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். இவ்வெளிமையே அதன் வெற்றிக்குக் காரணமாயிற்று. 1960-ல் அவர் ஜாஸ் பேஸ் என்னும் மற்றொரு வகையையும் வெளியிட்டார். 1965-ல் அவருடைய நிறுவனம் சி.பி.எஸ். என்னும் பெரிய கம்பெனிக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. அதன்பின் வந்த கருவிகளில் முன்னைய செம்மை குன்றியது என்பது வாசிப்போர் பலருடைய கருத்து.

3. கருவியின் இயல்பு

பேஸ் கிட்டாரின் நான்கு தந்திகளும் முறையே 41.2, 55, 73.4, 98 ஹெர்ட்ஸ் என்னும் அதிர்வெண்களில் ஒலிக்கும். குதிரைக்கும் தலைப்பக்கத்து மேட்டுக்கும் இடையே அதிரும் தந்தியின் நீளம் பெரும்பாலும் 34 அங்குலம். தந்தியைச் சரிபாதியில், அஃதாவது 17 அங்குலத்தில், அழுத்தினால் ஒலி ஒரு ஸ்தாயி உயரும். அவ்விடமே பன்னிரண்டாம் மெட்டு. முதல் மெட்டோ தலைப்பக்கத்திலிருந்து ஏறத்தாழ 1.9 அங்குலத்தில் அமையும். அடுத்தடுத்த மெட்டுக்கள் ஒரே கணக்கு முறைப்படி நெருங்கிக்கொண்டே வரும். இக்கணக்கில் மயிரிழை பிசகினும் சுருதி கெடும்.

நான்கு தந்திகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை ஏறத்தாழ 80 கிலோகிராம் எடைக்குச் சமமாகும். ஓர் ஆளின் எடையைக் கழுத்து இரவும் பகலும் தாங்கிக்கொண்டு வளையாதிருத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். இதன்பொருட்டே கழுத்தினுள்ளே எஃகுக் கம்பியொன்று பொதிந்து வைக்கப்படுகின்றது. அதனை முடுக்கியும் தளர்த்தியும் வளைவைத் திருத்தலாம். கைவினைஞர் இதனோடு அமையாது, மேப்பிள், வால்நட், வெங்கே போன்ற மரங்களை மூன்றாகவும் ஐந்தாகவும் கீற்றுக் கீற்றாக ஒட்டிக் கழுத்தைச் செய்வர். ஒரு மரம் வளைய முற்படும்போது அடுத்த மரம் அதனைத் தடுத்து நிற்கும்.

ஒலியை மின்சாரமாக மாற்றுவது பிக்கப் என்னும் உறுப்பு. காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பியைப் பல்லாயிரஞ் சுற்றுச் சுற்றி அது செய்யப்படுகின்றது. எஃகுத் தந்தி காந்தத்தின் எதிரே அதிரும்போது, செப்புச் சுருளில் மின்னோட்டம் பிறக்கின்றது. 1831-ல் மைக்கேல் பாரடே கண்ட உண்மையே இங்குத் தொழிற்படுகின்றது. நம் பௌதிக வகுப்பிற் காந்தத்தையும் சுருளையும் கொண்டு செய்துகாட்டும் சோதனையும், மேடையில் முழங்கும் பேஸும் தத்துவத்தால் ஒன்றேயாம்.

4. சிறு பட்டறைகளின் எழுச்சி

கலிபோர்னியாவில் 1969-ல் அலெம்பிக் என்னும் பட்டறை தோன்றிற்று. அலெம்பிக் என்பது பழைய இரசவாதிகள் நீர்மங்களை வடிக்கப் பயன்படுத்திய பாண்டத்தின் பெயர். கிரேட்புல் டெட் என்னும் இசைக்குழுவின் ஒலியமைப்பைச் செம்மை செய்வதே அதன் முதற்பணி. மின்னணுவியல் அறிந்த ரான் விக்கர்ஷாமும், மரவேலையில் வல்ல ரிக் டர்னரும் அங்கு ஒன்றுசேர்ந்தனர். இக்கூட்டுறவினாலேயே புதுமை பிறந்தது. தச்சனுக்கு மின்சாரம் தெரியாது. மின்பொறியாளனுக்கு மரம் தெரியாது. இருவரும் ஒரு மேசையில் அமர்ந்தபோது இருவரும் தனித்துக் காணாத ஒன்றைக் கண்டனர்.

அவர்கள் முதலிற் பிறர் செய்த கருவிகளையே திருத்திக் கொடுத்தனர். பின்னர், ஜெபர்சன் ஏர்ப்ளேன் குழுவினரான ஜாக் கசாடிக்காக 1970-களின் தொடக்கத்தில் முழுக்கருவியொன்றைத் தாமே செய்தனர். இவ்வகைக் கருவிகளிற் கழுத்து, உடலின் நடுவே ஊடுருவிக் கடைசிவரை செல்லும். உடலின் இருபுறமும் அதன்மேல் ஒட்டப்படும். கழுத்தைத் திருகாணியாற் பொருத்துவதற்கும் இதற்கும் உள்ள வேற்றுமை, ஒட்டு வீணைக்கும், ஒரே பலாமரத்தில் குடைந்தெடுத்த ஏகாண்ட வீணைக்கும் உள்ள வேற்றுமையை ஒருவாறு ஒக்கும். மேலும் பிக்கப்பின் சிற்றொலியை வளர்த்துத் திருத்தும் மின்சுற்றைக் கருவியினுள்ளேயே அவர்கள் அமைத்தனர்.

ஸ்டான்லி கிளார்க் என்னும் பெரிய வித்துவான் ஒருநாள் வாசித்து முடித்தபோது, ரிக் டர்னர் அவரை அணுகி, வாசிப்பு நன்று, ஒலி நன்றன்று என்ற கருத்துப்பட உரைத்துத் தம் கருவியொன்றைக் கையிற் கொடுத்தாராம். அதனை வாசித்துப் பார்த்த கிளார்க், அன்று முதல் அதனையே தம் கருவியாகக் கொண்டார். தம் உள்ளத்திற் கேட்டும் விரலால் வெளிப்படுத்த இயலாதிருந்தவை அக்கருவியினால் வெளிப்பட்டன என்பது அவர் பின்னாளில் பலமுறை கூறிய செய்தி. 1976-ல் வெளிவந்த ஸ்கூல் டேஸ் என்னும் அவரது இசைத்தட்டிற் பேஸ் பின்னணியை விட்டு முன்வந்து பாடுவதை இன்றும் கேட்கலாம்.

5. ஆறு தந்தி வேண்டிய இளைஞர்

கைவினையின் பயனை விளக்குதற்கு அந்தோணி ஜாக்சன் என்னும் நியூயார்க் இசைவாணர் வரலாற்றினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. பேஸ் கிட்டார் கிட்டார்க் குடும்பத்தைச் சேர்ந்தது. கிட்டாருக்கு ஆறு தந்திகள் உள. அங்ஙனமாக, பேஸுக்கு மட்டும் நான்கு ஏன்? டபிள் பேஸுக்கு நான்கு இருந்தமையாற் பெண்டரும் நான்கு வைத்தாரேயன்றி வேறு காரணம் இல்லை என்பது ஜாக்சனின் வாதம். மேலே ஒரு தந்தியும் கீழே ஒரு தந்தியும் கூட்டி ஆறாக்க வேண்டுமென அவர் விரும்பினார். எந்தக் கடையிலும் அத்தகைய கருவி இல்லை. எந்தத் தொழிற்சாலையும் ஒருவர் பொருட்டு அதனைச் செய்யாது.

ஆகவே அவர் கைவினைஞரை நாடினார். 1975-ல் கார்ல் தாம்சன் என்பவர் முதல் ஆறு தந்திப் பேஸை அவருக்குச் செய்து கொடுத்தார். அது முற்றும் நிறைவளிக்கவில்லை. பின்னர்க் கென் ஸ்மித் என்பவரும், அவர்க்குப்பின் புரூக்ளினில் வின்னி பொடேரா என்பவரும் அம்முயற்சியைத் தொடர்ந்தனர். பொடேராவும் ஜோயி லாரிசெல்லாவும் 1983-ல் தொடங்கிய பட்டறையில், ஒன்றன்பின் ஒன்றாகப் பல கருவிகள் செய்யப்பட்டு, ஒவ்வொன்றின் குறையும் அடுத்ததிற் களையப்பட்டது.

இதில் உள்ள இடர் யாதெனின், கீழே கூட்டிய தந்தி ஏறத்தாழ 30.9 ஹெர்ட்ஸில் ஒலிக்க வேண்டும். அவ்வளவு தாழ்ந்த சுருதிக்கு இறக்கின் தந்தி துவண்டு தெளிவற்று ஒலிக்கும். தடித்த தந்தி வைத்தால் அது விறைத்து, இனிய மேற்சுரங்கள் பிசகும். ஒரே தந்தியை ஒரே சுருதியில் நிறுத்தி நீளத்தை மட்டும் கூட்டினால், இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 34 அங்குலத்தை 36 ஆக்கினால், இழுவிசை நூற்றுக்கு 12 பங்கு மிகும். தந்தி நிமிர்ந்து தெளிவாக ஒலிக்கும். ஆதலின் ஜாக்சனுடைய கருவிக்கு 36 அங்குலமே அளவாயிற்று. ஆனால் நீளம் கூடினால் விரல்களுக்கு இடைவெளி கூடும். தலைப்பக்கம் கனத்துத் தாழும். இவற்றிற்கெல்லாம் ஏற்ப உடலின் வடிவத்தையே மாற்ற வேண்டியதாயிற்று.

இன்று ஆறு தந்திப் பேஸும் ஐந்து தந்திப் பேஸும் சாதாரணக் கடைகளிலும் மலிந்துள்ளன. பெருந்தொழிற்சாலைகள் அவற்றைச் செய்வது, முதலில் ஒரு பட்டறையில் ஒருவர் கேட்க மற்றொருவர் செவிசாய்த்தமையால் விளைந்த பயன் என்பதை மறத்தலாகாது.

6. கையும் பெயரும்

இங்கிலாந்தில் இயன் வாலரும் பீட் ஸ்டீவன்சும் 1970-களில் வால் என்னும் கருவிகளைச் செய்யத் தொடங்கினர். அவற்றின் பிக்கப்பில் ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனிச் சுருள்கள் உண்டு. 1988-ல் வாலர் இறந்தார். ஸ்டீவன்ஸ் தாமே நடத்தினார். அவருக்குப் பின் பால் ஹெர்மன் என்பவர் அதனை ஏற்றார். ஒரு பட்டறையின் உயிர் ஓரிருவருடைய கையில் நிற்பதை இதிற் காண்கின்றோம். தொழிற்சாலையில் ஒருவர் சென்றால் மற்றொருவர் அவ்விடத்தில் நிற்பார். பட்டறையில் ஒரு கை ஓய்ந்தால், அக்கை அறிந்தது பிறிதொரு கைக்குக் கற்பிக்கப்பட்டிருந்தாலன்றி, அதனோடே மறையும்.

மைக்கேல் டோபையஸ் என்பவர் 1977-ல் தம் பெயரால் ஒரு பட்டறை தொடங்கினார். 1990-ல் அது கிப்சன் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. பின்னர் அவர் 1994-ல் வேறு பெயரால் மீண்டும் தொடங்கினார். பெயர் கைமாறிற்று, கையோ அவருடனேயே சென்றது. ஆதலின் கருவி வாங்குவோர், தலையிற் பொறித்துள்ள பெயரைக் காட்டிலும், அக்கருவி எந்நாளில் எவர் கையாற் செய்யப்பட்டது என்பதையே ஆராய்தல் வேண்டும்.

இவ்விரு நெறிக்கும் இடைப்பட்ட நெறியும் ஒன்றுண்டு. மார்க்கஸ் மில்லர் என்னும் வித்துவானுடைய புகழ்பெற்ற கருவி, 1977-ல் தொழிற்சாலையில் செய்யப்பட்ட ஜாஸ் பேஸே. 1979-ல் நியூயார்க்கிற் பட்டறை தொடங்கிய ரோஜர் சடாவ்ஸ்கி அதனைத் திருத்தி, உள்ளே புதிய மின்சுற்றும் அமைத்துக் கொடுத்தார். எளிய கருவியொன்று தேர்ந்த கையினாற் சிறப்புற்றது.

7. ஒரு மறுப்பு

இங்கே ஒருவர் எழுந்து, "ஐயா, பெரும்புகழ் பெற்ற வாசிப்பெல்லாம் தொழிற்சாலைக் கருவியிலன்றோ நிகழ்ந்தது?" என்று வினவலாம். அவ்வினா நேரியதே. டெட்ராயிட் நகரின் மோட்டவுன் நிறுவனத்துப் பாட்டுக்களுக்கு 1960-களில் அடிநாதமாய் விளங்கியவர் ஜேம்ஸ் ஜேமர்சன். அவருடைய கருவி 1962-ம் ஆண்டின் பிரிசிஷன் பேஸ். வலக்கையின் ஒரே விரலாலேயே வாசித்தார். தந்திகளை மாற்றுவதும் அரிது. அக்கருவி 1983-ல் அவர் இறப்பதற்குச் சிறிது முன்னர்க் களவு போயிற்று. அவருக்குப் பின்வந்த ஜாக்கோ பாஸ்டோரியஸ், 1962-ம் ஆண்டின் ஜாஸ் பேஸொன்றை மெட்டின்றி வைத்துக்கொண்டு, விரற்பலகைமேல் படகுகளுக்குப் பூசும் பிசினைப் பூசி வாசித்தார். அவ்வொலி உலகத்தையே வியப்பித்தது.

கண் செவியை ஏமாற்றும் என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. 2010-ல் அமெரிக்காவின் இண்டியானபொலிஸ் நகரில் 21 வயலின் வித்துவான்களுக்குக் கண்ணை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி மாட்டி, பழைய இத்தாலிய வயலின்கள் மூன்றையும் புதிய வயலின்கள் மூன்றையும் வாசிக்கக் கொடுத்தனர். பழையவற்றுள் ஸ்ட்ராடிவாரி செய்தனவும் இருந்தன. பெரும்பாலார் விரும்பியெடுத்தது புதிய கருவியையே. தாம் எடுத்தது பழையதோ புதியதோ என்பதையும் அவரால் திட்டமாகக் கூற இயலவில்லை. விலையும் பெயரும் செவிக்குள் நுழைந்துவிடும் என்பது இதனால் விளங்கும்.

இவற்றால் நாம் கொள்ளத்தக்கது யாது? கருவி கலையை உண்டாக்குவதில்லை என்பது ஒன்று. ஆடமாட்டாதவள் கூடம் கோணலென்ற கதையாய்ப் பயிற்சியின் குறையைக் கருவியின்மேல் ஏற்றுதல் தகாது. ஆயினும், ஜேமர்சனுக்குத் தம் கருவி போதியதாயிருந்தது. ஜாக்சனுக்கு எந்தக் கருவியும் போதவில்லை. முன்னவர் இருப்பதைக்கொண்டு செயற்கரிய செய்தார். பின்னவர் இல்லாததைக் கேட்டுப் பெற்றார். கைவினைக் கருவி, கேட்பதற்கு ஒரு கேள்வி உடையவனுக்கே உரியது. கேள்வியின்றி வாங்குபவன் விடையை மட்டும் விலைக்கு வாங்குகின்றான்; அவ்விடை அவனுக்குப் பயன்படாது.

8. கருவியை ஆராயுமாறு

கைவினைக் கருவியின் அருமையைப் பலர் அதன் மேற்பலகையின் அழகிலே காண்பர். மேப்பிள் மரத்தின் அலைபோன்ற இழையோட்டமும், மரக்கணுக்களிற் காணும் சுழிகளும் கண்ணைக் கவர்வன என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது முகத்தின் அழகு. குணத்தை அறிய வேறு வழி வேண்டும்.

முதலில், கருவியைத் தோள்வாரில் மாட்டிக்கொண்டு இரு கைகளையும் எடுத்துவிடுக. தலைப்பக்கம் தரையை நோக்கித் தாழுமாயின், வாசிக்குந்தோறும் இடக்கை கழுத்தைத் தாங்கும் சுமையையும் ஏற்க வேண்டிவரும். எடை 4 கிலோகிராம் அளவில் இருத்தல் நன்று. 5-க்கு மேற்படின் நெடுநேரம் சுமத்தல் அரிது. இரண்டாவது, கழுத்தின் ஓரத்தில் விரலை ஓட்டுக. மெட்டு முனைகள் விரலைக் கீறலாகாது. மூன்றாவது, பன்னிரண்டாம் மெட்டில் அழுத்திய ஒலியும், அங்கேயே மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலியும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க. ஒவ்வாவிடிற் குதிரையை நகர்த்தித் திருத்தலாம்.

நான்காவதே முதன்மையானது. ஒலிபெருக்கியின் உதவியின்றி, ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு மெட்டாக அழுத்தி, ஒலி எவ்வளவு நேரம் நிற்கின்றது என்று கேட்க. பல கருவிகளில், சிறப்பாக மெல்லிய தந்தியின் ஐந்தாம் மெட்டு முதல் ஏழாம் மெட்டு வரையுள்ள இடத்தில், ஒலி திடீரென இறந்துபடும். அதனைச் செத்த இடம் என்பர். அச்சுரத்தின் அதிர்வெண்ணும் கழுத்து தானே அதிரும் அதிர்வெண்ணும் நெருங்கும்போது, தந்தியின் ஆற்றலைக் கழுத்து உறிஞ்சிவிடுவதே இதற்குக் காரணம். கழுத்தைப் பல மரங்களாற் கட்டுவதும், அதன் விறைப்பை மிகுப்பதும் ஓரளவு இதன்பொருட்டே. செய்தோனுடைய திறமை மேற்பலகையிலன்று, இங்கேதான் வெளிப்படும்.

9. மரத்தின் கடன்

விரற்பலகைக்கு உகந்த மரங்களுள் ஒன்று ஈட்டி. தோதகத்தி என்றும் வழங்கும் அது நம் மேற்குத்தொடர்ச்சி மலைக் காடுகளில் வளர்வது. அமெரிக்கப் பட்டறையிற் செய்த கருவியின் விரற்பலகை, நம் மலையில் நின்ற மரமாயிருத்தலும் கூடும். அதன் இனத்ததாகிய பிரேசில் நாட்டு ஈட்டி, அளவின்றி வெட்டப்பட்டு அருகிப்போனமையால், 1992 முதல் உலக நாடுகளின் உடன்படிக்கையால் வாணிகத்தினின்று பெரிதும் விலக்கப்பட்டது. 2017-ன் தொடக்கத்தில் ஈட்டியினம் முழுவதும் அவ்வுடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019-ன் இறுதியில், பிரேசில் ஈட்டி ஒழிந்த ஏனையவற்றாற் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

வைரம் பாய நூறாண்டு நின்ற மரத்தை ஒரே நாளில் வெட்டலாம். அம்மரத்தினாற் செய்த கருவி, மரம் நின்ற அளவுக்காவது நின்று ஒலிக்குமாயின், அவ்வெட்டு ஒருவாறு பொறுக்கத்தக்கதாகும். சில ஆண்டுகளில் எறிந்துவிடும் பொருளுக்காக அதனை வெட்டுதல் பொறுக்கத்தக்கதன்று. பழுது பார்க்கத்தக்கதாய், வழிவழி வாசிக்கத்தக்கதாய்க் கருவியைச் செய்வதனாலும், மரத்தின் வழியை வினவி அறிவதனாலுமே கைவினைஞரும் வாங்குவோரும் இக்கடனைத் தீர்க்க இயலும்.

10. பேணும் முறை

மரம் வெட்டப்பட்ட பின்னும் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்தும் விடுத்தும் விரிந்து சுருங்கும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 45 முதல் 55 வரை இருத்தல் கருவிக்கு நலம். வெயிலில் நிற்கும் வண்டியினுள் கருவியை விட்டுச் செல்வது பெருங்கேடு. பருவம் மாறும்போது கழுத்தின் வளைவைப் பார்த்து, எஃகுக் கம்பியைக் காற்சுற்றுக்கு மேற்படாமல் திருத்தி, ஒருநாள் விட்டு மீண்டும் பார்க்க வேண்டும். வாசித்து முடித்தவுடன் தந்தியையும் விரற்பலகையையும் உலர்ந்த துணியால் துடைத்தால் வியர்வையின் உப்பு எஃகை அரியாது. உள்ளே மின்சுற்று உடைய கருவியில் ஒலிபெருக்கியின் கம்பியைப் பிடுங்காமல் விட்டுவிட்டால் மின்கலம் வீணே தீர்ந்துபோம்; கச்சேரி நடுவில் ஊமையாகும் கருவிகள் பல இக்காரணத்தால் ஊமையானவையே. இவையெல்லாவற்றினும் மேலான பேணுமுறை நாள்தோறும் வாசித்தலாம்.

11. முடிவுரை

ஜாக்கோவின் ஜாஸ் பேஸ் ஒருகாற் பல துண்டுகளாக உடைந்து, கைவினைஞரால் மீண்டும் ஒட்டப்பட்டது. 1986-ல் அது நியூயார்க்கிற் களவு போயிற்று. அடுத்த ஆண்டில் அவரும் இறந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து அது வெளிப்பட்டபோது, அது யாருக்கு உரியது என்னும் வழக்கு எழுந்தது. மெட்டாலிக்கா குழுவின் ராபர்ட் ட்ரூஹியோ பொருள் கொடுத்து உதவ, அது ஜாக்கோவின் குடும்பத்தாரிடம் மீண்டு சேர்ந்தது. உடைமை என்பது யாது என்பதை இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கின்றது. ஒரு கருவி, விலை கொடுத்தவன் என்பதனாலும் கையில் வைத்திருப்பவன் என்பதனாலும் மட்டும் ஒருவனுக்கு உரியதாகிவிடாது. எவன் அதனைப் பேசச் செய்கின்றானோ அவனுக்கே அது உரியது. அவனுக்குப் பின், அவ்வொலியை மதித்துக் காப்பவர்க்கு உரியது.

ஆகவே, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை இதுவாம். கைவினைக் கருவியைப் பெறுதல் தன்னிலே அறிவுடைமையும் அன்று, ஆடம்பரமும் அன்று. கண்ணாடிப் பேழையிற் பூட்டி, விலையேறும் நாளை எதிர்நோக்கி வைத்திருப்பானாயின், எத்துணை அழகிய கருவியும் ஆடம்பரமே. தன் விரலின் குறையைத் தான் அறிந்து, தன் செவி வேண்டுவதை எடுத்துரைக்க வல்லவனாய், செய்வோன் உழைப்புக்கு உரிய விலையை மனமுவந்து கொடுத்து, நாள்தோறும் வாசித்து, பின்வருவோன் கையிற் பழுதின்றி ஒப்புவிப்பானாயின், எவ்வளவு விலை கொடுத்தாலும் அவன் அதனை வீணாக்கியவனாகான்.

மாணவ நண்பர்களே, உங்களுட் பலர் கையில் இன்று இருப்பது இரவற் கருவியோ, மலிவான தொழிற்சாலைக் கருவியோதான். அதனைக் குறித்து நாணற்க. ஜேமர்சனுக்குப் போதியது உங்களுக்கும் இப்பொழுது போதும். அதனைச் சுருதி சேர்த்து, மெட்டு மெட்டாக ஆராய்ந்து, அதன் செத்த இடங்களையும் அறிந்துகொண்டு, அதனால் இயலாதது இன்னதென்று திட்டமாகச் சொல்லத்தக்க நாள்வரை வாசியுங்கள். அந்நாள் வரின், உங்கள் கேள்விக்குச் செவிசாய்க்கும் கைவினைஞரொருவர் எங்கேனும் உளியை எடுத்துவைத்துக் காத்திருப்பார். அந்நாள் வாராவிடினும் இழந்தது ஒன்றுமில்லை. இசை முன்னமே உங்கள் கையில் இருக்கும்.